ஒற்றை இழுப்பு

அந்த மிஸ் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டதைவிட, தூக்கிவிட்டுச் சுடாமல் இறக்கி வைத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பதுளை டவுனில் ஒரு பழைய மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று நடந்தது. எல்லாம் காற்றுத் துப்பாக்கிகள். அமுக்கி வைத்த காற்று, உளுந்து அளவு ஈயக் குண்டு ஒன்றைப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டைக்கு அனுப்பும், அவ்வளவுதான். நான் சுடுகிறவன் அல்ல. பஜாரில் தையல் மெஷின் திருத்துகிறவன். கழகத்தின் செயலாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்கள மாத்தயா. ஒருநாள் அவர் துப்பாக்கியின் ஸ்பிரிங் ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு என் கடைக்கு வந்து, இதைப்போல ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றி, வெட்டிக் கொடுத்தேன். பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு கழகத்தில் எந்தத் துப்பாக்கி முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் போனேன். மனைவி அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். மகள் பண்டாரவளையில் மாமியார் வீட்டில் இருந்து படித்தாள். அந்த மண்டபத்துக்குப் போகாவிட்டால், சனிக்கிழமை எனக்கு யாரோடும் வாய் திறக்கத் தேவையில்லாத நாள்.

கழகத்தில் எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்ட அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். டவுனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில். கான்வென்ட்டில் படிக்கும்போது மாகாணப் பள்ளிக்கூட அணிக்குச் சுட்டவராம். அம்மா இறந்த பிறகு தோட்டம் கொடுத்த லயத்து வீடு சித்தப்பா மகனிடம் போய்விட்டது. இவர் டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. மழை பெய்யும் சனிக்கிழமைகளில், பிளேன்டீ ஆறுகிற நேரத்தில், ஒன்றொன்றாகச் சொன்னவை.

அவர் சுடுகிற விதம் இப்படி. துப்பாக்கியைத் தூக்குவார். கன்னத்தை அதன் மரக்கட்டையில் பொருத்துவார். மூச்சை விட்டு நிறுத்துவார். சுட்டுவிடப் போகிறார் என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் விரலை எடுத்துவிடுவார். துப்பாக்கி மெதுவாகக் கீழே வரும். "இது இல்ல" என்பார், தனக்குத்தானே. கொஞ்ச நேரம் நிற்பார். மறுபடி தூக்குவார். மறுபடியும், "இது இல்ல."

சந்தேகமாக இருந்தால் சுடாதே என்பதுதான் அந்த விளையாட்டில் முதலில் சொல்லித் தருவது. அதனால் செயலாளருக்கு ஆரம்பத்தில் அவரைப் பற்றிப் பெருமை. புதிதாக வருகிறவர்களிடம், மிஸ்ஸைப் பாருங்கள் என்பார். ஆனால் போட்டி என்றால் நேரக் கணக்கு உண்டு. மணி அடித்துவிட்டால் அவ்வளவுதான். மிஸ்ஸின் அட்டைகளை எடுத்துப் பார்த்தால் சுட்ட குண்டுகள் எல்லாம் நடுப்புள்ளியில் இருக்கும். பக்கத்தில் சில அட்டைகள் துளையே இல்லாமல் வெள்ளையாக இருக்கும். சுடாததற்குப் பூச்சியம். மாகாணத்தில் அவரளவு நன்றாகச் சுடுகிற பெண் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எந்தப் போட்டியிலும் எல்லாக் குண்டுகளையும் சுட்டு முடித்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை.

பார்மசியிலும் அவர் அப்படித்தான். லீவில் வந்திருந்த மகளுக்குக் காய்ச்சல் என்று மருந்து எடுக்க ஒருநாள் போயிருந்தேன். எனக்கு முன்னால் நீளமான வரிசை. மிஸ் டொக்டர் எழுதிய துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்தை எடுத்தார். திரும்ப வைத்தார். டொக்டருக்கு ஃபோன் போட்டார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "மருந்து வர்றதுக்குள்ள நோயே போயிரும் போல" என்றார். மிஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் ஃபோனை வைக்கவில்லை.

பெரகலவுக்குச் சம்பந்தம் பார்க்கப் போன கதையை அவரே ஒரு மழை நாளில் சொன்னார். மண்டபத்துத் தகரக் கூரையில் விழுந்த மழையில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. என் பக்கத்துப் பெஞ்சுக்கு நகர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"எனக்கு ஒரு சம்பந்தம் வந்துச்சுண்ணே. அம்மா இருக்கும்போதே. பெரகல சந்தியில கடை வச்சிருக்கிறவரு. மொத சம்சாரம் செத்துப் போச்சு. நல்ல மனுசன்னு பாதர் சொன்னாரு."

"போய்ப் பாத்தீங்களா?"

"போனேனே. கொழும்பு பஸ்ல ஏறிப் பெரகலயில எறங்கினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை. அவரு கண்ணாடி போத்தல் எல்லாம் தொடச்சு அடுக்கிக்கிட்டிருந்தாரு. நான் வர்றது அவருக்குத் தெரியும். அதுக்காகத்தான் தொடச்சிருக்காரு போல. நல்ல சட்டை போட்டிருந்தாரு."

"அப்புறம்?"

"ரோட்டைத் தாண்டணும், அவ்வளவுதான். நின்னேன். பதுளைக்குப் போற பஸ் வந்துச்சு. ஏறிட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, "ஏன் மிஸ்? அவருகிட்ட என்ன கொறை?" என்று கேட்டேன்.

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு அது சரியா வரல. இன்னொரு நாள் போகலாம்னு நெனச்சேன்."

"போனீங்களா?"

"அதுக்குள்ள அவரு கல்யாணம் முடிச்சிட்டாரு" என்றார். பிறகு எழுந்து போய்த் தன் டீக் கோப்பையைக் கழுவிவிட்டு வந்தார்.

அவர் வழக்கமாகச் சுடும் துப்பாக்கி கழகத்திலேயே பழையது. ஒரு சனிக்கிழமை, அவர் வழக்கம்போல் சுடாமல் இறக்கிக்கொண்டிருந்தபோது அது தானாகவே சுட்டுவிட்டது. குண்டு எதிரில் கிடந்த மணல் மூட்டையில் பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மிஸ் வெளுத்துப் போனார். "நான் தொடலண்ணே. விரல் வெளியதான் இருந்துச்சு" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றையொன்று பிடித்து நிற்க வேண்டிய இரண்டு விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அது திருத்துகிற நிலையில் இல்லை. ட்ரிகர் பகுதியையே மாற்ற வேண்டும் என்றேன்.

துப்பாக்கி செய்த கம்பனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. செயலாளர் கொழும்பில் யார் யாரிடமோ பேசி, முறையாக அனுமதி எடுத்து, வேறு கம்பனிகள் செய்த இரண்டு ட்ரிகர்களைக் கொண்டுவந்தார். ஒன்று ஒற்றை இழுப்பு, மற்றது ரெட்டை இழுப்பு. பொருத்திப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்து தியத்தலாவையில் மாகாணத் தேர்வுப் போட்டி இருந்தது. மிஸ் அதில் சுடுவதாக இருந்ததால் அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும். ரெட்டை இழுப்பில் ட்ரிகர் முதலில் லேசாகப் பின்னால் வரும். பிறகு ஓரிடத்தில், கதவில் முட்டியதுபோல் நிற்கும். அங்கே நீங்களும் நிற்கலாம். சரியில்லை என்று பட்டால் விரலை எடுத்துவிடலாம். அந்த இடத்துக்குமேல் இன்னும் துளி அழுத்தினால்தான் சுடும். ஒற்றை இழுப்பில் அப்படி நிற்கிற இடம் கிடையாது. எதுவும் நகர்ந்ததாகவே தெரியாது. விரலில் பாரம் ஏறிக்கொண்டே போகும். எப்போது என்று தெரியாமல் போய்விடும். மிஸ்ஸின் பழைய ட்ரிகரும் ரெட்டை இழுப்புத்தான். பாதிவரை போய்த் திரும்பி வருகிற அவருக்கு அதைத் தவிர வேறு எது பொருந்தும் என்று நினைத்து, யாரையும் கேட்காமல் ரெட்டை இழுப்பையே முதலில் மாட்டினேன்.

மிஸ் தூக்கினார். கன்னத்தைப் பொருத்தினார். மூச்சு நின்றதும் டப்பென்று சுட்டது. அட்டையின் ஓரத்தில் துளை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா மிஸ்?"

"ம்."

இறுக்கினேன். மறுபடி அப்படியே. இரண்டாவது குண்டு அட்டையைவிட்டே வெளியே போனது. அவர் கையால் அட்டைக்கு வெளியே ஒரு குண்டு போனதை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வரிசைகளில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மிஸ் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "மத்ததைப் போடுங்கண்ணே" என்றார்.

செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றை இழுப்பெல்லாம் வேட்டைக்காரனுக்குத்தான் சரி, அட்டைக்குச் சுடுகிறவருக்கு எதற்கு என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். பழகப் பழகச் சரியாகும், அதுவரை பொறுங்கள் என்றார். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கத் திரும்பியபோதுதான் அவருடைய வலது ஆட்காட்டி விரலைப் பார்த்தேன். நுனியில் பெரிய கொப்புளம். நேற்று முந்தாநாள் வந்ததுபோல் நீர் கோத்து நின்றது.

மற்றவர்கள் டீக்குப் போன பிறகு, "விரல்ல என்ன மிஸ்?" என்று கேட்டேன்.

"டீக் கேத்தல் சுட்டிருச்சு."

"இவ்வளவு பெருசாவா? சுட்டதும் கையை எடுத்திருக்கலாமே."

அவர் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். நான் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"சுட்டது தெரியலண்ணே. தீயிற வாடை வந்துதான் பாத்தேன்."

நரம்பில் ஏதோ கோளாறு. டொக்டர் சொல்லிவிட்டாராம். விரல் நுனிகளில் தொடங்கி மெதுவாக மேலே வருமாம். மருந்து சாப்பிட்டால் வேகம் குறையலாம். போன உணர்ச்சி திரும்பாது. பார்மசியில் மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை என்றும், கத்தரிக்கோலால் வெட்டிச் சமாளிப்பதாகவும் சொன்னார். சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்த்துத்தான் போடுகிறாராம்.

"ரெட்டை இழுப்புல அந்த முட்டுற இடம் விரலுக்குத் தெரியணும். எனக்குத் தெரிய மாட்டேங்குது. நான் இன்னும் பாதியிலதான் நிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள அது சுட்டிருது."

"அப்படின்னா நீங்க சுடுறது சரிதானா மிஸ்? யாருக்காவது பட்டுட்டா?"

"அதனாலதான் மத்ததைக் கேக்கிறேன். நல்லாக் கனமா வச்சிக் குடுங்க. கனமா இருந்தா நுனிக்குத் தெரியாட்டியும் விரல் கணுவுக்குப் பாரம் தெரியுது. தெரியாமத் தொட்டாலும் சுடாது." மடக்கிய விரலைப் பார்த்தார். "இந்த ஒரு போட்டிதாண்ணே. ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் சுட்டு முடிச்சுப் பாக்கணும். பிறகு வர மாட்டேன். செயலாளர்கிட்ட சொல்லிறாதீங்க."

ஒற்றை இழுப்பை மாட்டினேன். ட்ரிகரில் நூலைக் கட்டி வெறும் போத்தலைத் தொங்கவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். போத்தல் நிறையும்வரை ட்ரிகர் விடவில்லை. அந்தக் கனத்தில்தான் நிறுத்தினேன். விரலால் நானே பலமுறை தட்டியும் பார்த்தேன், சுடவில்லை. டீ குடித்துவிட்டு வந்த செயலாளரிடம், பழைய கட்டையில் ரெட்டை இழுப்புச் சரியாக உட்காரவில்லை என்று சொன்னேன். அவர் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, சரி, உங்கள் இஷ்டம் என்று போய்விட்டார்.

தியத்தலாவையில் அன்று காலை நல்ல பனி. கழகத்திலிருந்து நாங்கள் மூன்று பேரும்தான் போனோம். மண்டபத்துக்குள் பேசினாலே வாயிலிருந்து புகை வந்தது. மிஸ் கையுறையைக் கழற்றி, விரல்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் அதனதன் இடத்தில் வைத்தார். எனக்குப் பின்வரிசையில் நாற்காலி கிடைத்தது. மணி அடித்தது.

தூக்கினார். நான் என்னை அறியாமலே அந்த "இது இல்ல"வுக்காகக் காத்திருந்தேன். துப்பாக்கி சுட்டது. இறக்கினார், அடுத்த குண்டைப் போட்டார், தூக்கினார், சுட்டார். இடையில் ஒரு முறைகூடச் சுடாமல் இறக்கவில்லை. துளைகள் அட்டையில் எங்கெங்கோ விழுந்தன. நடுவில் சில, ஓரத்தில் பல. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மிஸ் எந்த அட்டையையும் நின்று பார்க்கவில்லை.

கடைசிக் குண்டையும் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் நேரம் நிறைய மிச்சம் இருந்தது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். புது வீட்டுக்கு விருந்துக்குப் போய், வீட்டுக்காரர்கள் வரும்வரை தனியே உட்கார்ந்திருப்பவரைப்போல் சுற்றிலும் பார்த்தார். கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

பட்டியலில் அவர் பெயர் கடைசிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. செயலாளர் துப்பாக்கிகளோடு கழகத்து வேனில் திரும்பினார். கோபத்தில் யாரையும் கூப்பிடவில்லை. நானும் மிஸ்ஸும் பஸ் பிடித்தோம். பண்டாரவளை வரும்வரை அவர் வெளியே தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்ல ஊர்ச் சந்தியில் ஒரு கூட்டம் வெள்ளைக்காரர்கள் பெரிய பைகளோடு ஏறி இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவர் பேசினார்.

"இவ்வளவு காலமும் நான் ஒண்ணு நெனச்சிருந்தேண்ணே."

"என்ன மிஸ்?"

"சுடாம வச்ச குண்டெல்லாம் சுட்டிருந்தா நடுவுலதான் பட்டிருக்கும்னு. அதெல்லாம் எங்கயோ பத்திரமா இருக்குன்னு. இப்பத்தான் தெரியுது, அதுகளும் இன்னிக்கு மாதிரித்தான் அங்க ஒண்ணு இங்க ஒண்ணாப் போயிருக்கும்."

"விரல் சரியா இருந்தா அப்படிப் போயிருக்காது" என்றேன்.

"போயிருக்கும்" என்றார். அழவில்லை. "போயிருந்தாலும் பரவாயில்லையேண்ணே. மத்த ஆளுக எல்லாம் அப்படித்தானே சுடுறாங்க. எனக்கு அது தெரியாமப் போச்சு."

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. சொன்னபடிதான். ஆனால் வருவார் என்று நான் மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்மசியில் கேட்டேன், வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அவர் இருந்த அறைக்குப் போனேன். அந்த வீட்டம்மா, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, எங்கேன்னு சொல்லல என்றார். வாசலில் வேறு யாருடையதோ செருப்பு கிடந்தது. ஃபோன் எண் என்னிடம் இருந்தது. பல தடவை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். என்ன சொல்லிப் பேசுவது? அந்த ட்ரிகரைப் பற்றித் தவிர எங்களுக்குள் பேச வேறு என்ன இருந்தது? மெல்ல மெல்ல நானும் மண்டபத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் கடையை முழு நாளும் திறந்து வைத்தேன்.

சில வருஷம் கழித்து, பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் மெஷின் ஒன்றைத் திருத்திவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். கீழே ஒரு பெண், ரோலிலிருந்து இழுத்த துணியைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். விற்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தை அப்படிப் பொருத்துகிறவரை எனக்குத் தெரியாதா?

"மிஸ்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. "அண்ணே" என்றவர் துணியை என் பக்கம் நீட்டி, "இது பருத்திதானே? இந்தப் பிள்ளைக சொல்றதை நம்பலாமா?" என்று கேட்டார்.

தொட்டுப் பார்த்து, பருத்திதான் என்றேன். ஜன்னல் திரைக்காம். பண்டாரவளைக்கு அந்தப் பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மருந்துகளுக்குப் பொறுப்பு அவர்தான். எது யாருக்கு, எத்தனை என்று இவர் சொல்வார், எடுத்துக் கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். "அந்த வயசான ஆளுக எல்லாம் என் கையைப் பிடிச்சிக்கிட்டே பேசும். யாரு எப்பப் புடிச்சாங்கன்னு பாத்தாத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா?"

"மறுபடியும் குவைத்துக்கே ஒப்பந்தம் எழுதிட்டா மிஸ். மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

துணிப் பையை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தோம். மழை தூறியது. செயலாளரைப் பற்றிக் கேட்டார். கழகத்தை மூடிவிட்டார்கள் என்றேன். பஸ் புறப்படும் நிலையில் நின்றது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பையை உள்ளே கொடுத்தேன். அதை மடியில் வைத்துவிட்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். எங்கள் பழக்கத்தில் அதுவரை இல்லாத ஒன்று. பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது. விரல்கள் என் விரல்களைச் சுற்றி மெல்ல மடங்கின.

"ஒரு நாள் வாங்கண்ணே. சும்மாதான் இருப்பேன்" என்றார்.

"வர்றேன் மிஸ்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தது. கையை விட்டேன். நான் விட்டது அவருக்குத் தெரியவில்லை போலும். பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் கை மழையில் நீட்டியபடியே இருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தன.